கடனைச் சொல்ல ஓர் இடம்

ஆடி பிறந்துவிட்டால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் பந்தல் போட ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, மொய் விருந்து. பத்துப் பேர், இருபது பேர் கூட்டாகச் சேர்ந்து பந்தல் செலவையும் கிடாய்ச் செலவையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பந்தலுக்குள் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் பெயர், ஒரு நோட்டு, எழுத ஓர் ஆள், பணத்தை எண்ணிப் பாத்திரத்தில் போட ஓர் ஆள். வருகிறவர்கள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, தங்களுக்கு வேண்டியவரின் மேசையைத் தேடிப் போய் மொய் எழுதுவார்கள். மாலைக்குள் ஒருவருக்குச் சில லட்சம் சேர்ந்துவிடும். கோடியைத் தொட்டவர்களும் உண்டு. அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போடுவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். பெரும்பாலும் கடனை அடைப்பார்கள்.

அந்தப் பந்தலில் என் கண் போவது பணப் பாத்திரத்தின் மேல் இல்லை, வாசலில் நிற்கிற மனிதர் மேல்தான். அவருக்குக் கடன் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கைகூப்பி, "வாங்க, மொதல்ல சாப்புடுங்க" என்கிறார். குனிந்த தலை இல்லை. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, எழுதியவர் வீட்டுப் பந்தலுக்கு இவர் போய், வாங்கிய மொய்யைத் திருப்பி எழுதி, அதற்கு மேல் புது மொய்யும் எழுதுவார். தன் முறை மறுபடி வர நாலைந்து வருஷம் ஆகும். கடன் வாங்குவதும் கொடுப்பதும் பகலில், பந்தலில், பத்துப் பேர் பார்க்க நடக்கிறது.

இதை ஏதோ பொற்காலம்போல் சொல்ல நான் வரவில்லை. மொய்யும் கடன்தான். திருப்பி எழுதாதவர் பெயர் நோட்டில் நிற்கும், ஊர் வாயிலும் நிற்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, மொய் திருப்பிச் செய்ய வேண்டிய வீடுகள் தவித்த தவிப்பை நேரில் பார்த்திருக்கிறேன். தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷமாவது வேண்டும். மொய் அதுவரை காத்திருக்காது. இன்னொன்று, இந்த வட்டத்துக்குள் இருப்பவனுக்குத்தான் இந்த உதவி. ஊரைவிட்டுப் போய், மொய் எழுதுவதையும் விட்டுவிட்டவனுக்குப் பந்தல் கிடையாது.

என் சித்தி மகன் அப்படிப் போனவன். திருப்பூரில் எட்டு மிஷின் போட்டு, பெரிய கம்பெனிகளிடம் துணி வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினான். 2020 ஊரடங்கில் வேலை நின்றது. அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. முடித்துக் கொடுத்த வேலைக்கு வர வேண்டிய பணமும் வரவில்லை. ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட கிரெடிட் கார்டைத் தேய்த்தான். கார்டைக் கட்ட நகையை வைத்தான். நகை வட்டிக்கு மொபைலில் ஆப் கடன். இதெல்லாம் எங்களுக்குத் தெரியவே பல மாதம் ஆனது. தெரிந்த விதமும் நல்லபடியாக இல்லை. ஆப்காரர்கள் அவனுடைய போனில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் கூப்பிட்டு, "உங்க ஆளு பணம் கட்டாம ஓடிட்டான், தெரியுமா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அவன் ஓடவில்லை. வீட்டுக்குள்தான் இருந்தான், போனை அணைத்துவிட்டு.

எங்கள் மாமா அன்று இரவே பஸ் ஏறினார். மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஜமக்காளத்தை விரித்து அவனை எதிரில் உட்கார வைத்திருந்தார். நடுவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அவன் கையில் டீ ஆறிக் கிடந்தது.

"மாப்ள, எவ்வளவுன்னு சொல்லாத. யார் யாருக்குன்னு மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வியை நான் இன்றும் வியக்கிறேன். எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவன் குறைத்துத்தான் சொல்லியிருப்பான். கடன்பட்டவர் முதல் தடவை சொல்லும் தொகை முழுத்தொகையாக இருப்பதில்லை. பொய் சொல்ல வேண்டுமென்று இல்லை, அவருக்கே கூட்டிப் பார்க்கப் பயம். யாருக்கு என்று கேட்டதால் ஒவ்வொரு பெயராக வந்தது. இரண்டு கார்டு. நாலு ஆப். இரண்டு இடத்தில் நகை. நூல் கடைக்காரர். கூட வேலை பார்த்த டைலர் ஒருவரிடம் கைமாற்று. கடைசியாக, வெகுநேரம் கழித்து, "அம்மா வளையல் ரெண்டு" என்றான். சித்தி அடுப்படியில் நின்றிருந்தாள். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "சரி, அதையும் எழுதுங்க" என்றாள். கூட்டினால் ஏழு லட்சத்துச் சொச்சம்.

அதன் பிறகு மாமா ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் வட்டியை எழுதச் சொன்னார். ஊர்க் கணக்கில், நூற்றுக்கு மாதம் இத்தனை என்று. எங்கள் பக்கத்தில் மூன்று வட்டி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். ஆபத்து அவசரம் என்றால்தான் அந்த வாசலுக்குப் போவார்கள். கார்டுக்கு மூன்றரை வட்டி. ஒரு லட்சம் பாக்கி வைத்துவிட்டு, அவர்கள் கேட்கிற குறைந்தபட்சத் தொகை ஐயாயிரத்தைக் கட்டினால், 3,500 வட்டிக்குப் போகும். அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அது 630. அசலில் குறைவது 870 ரூபாய். மாமா இதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். மாதா மாதம் தவறாமல் கட்டியும் கடன் ஏன் அசையவில்லை என்று அவனுக்கே அன்றுதான் புரிந்தது. பளபளப்பான கார்டில் வருவதால் இது மூன்றரை வட்டி என்று யாருக்கும் உறைப்பதில்லை.

அடைக்கிற வரிசையையும் அந்த நோட்டிலேயே முடிவு செய்தோம். ஏல நோட்டீஸ் வந்திருந்த நகை முதலில், ஆப் அடுத்து, கார்டு அதற்கடுத்து. அவன் மறுத்தான். நூல் கடைக்காரர் முகத்தில் விழிக்க முடியவில்லை, அவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றான். கடன்பட்டவர் மனம் எப்போதும் இப்படித்தான் போகும். அதிக வட்டிக்காரனை விட்டுவிட்டு, அதிகம் வெட்கப்படுகிற இடத்துக்குத்தான் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடும். மாமா தானே நூல் கடைக்குப் போய், "ஆறு மாசம் பொறுங்க, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தார். அவரும் பொறுத்தார். ரூபாய் கொடுக்காமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்பேன், கடன்பட்டவருக்காகப் போய் அவகாசம் கேட்பது. அவர் கேட்டால் சாக்கு. நாம் கேட்டால் வாக்கு.

பணம் கொடுப்பதற்கு முன் மாமா இன்னொரு காரியம் செய்தார். கொடுக்கிற ஒவ்வொருவரும் இது திரும்ப வேண்டுமா, வேண்டாமா என்பதை இப்போதே சொல்லிவிட வேண்டும் என்றார். பெரியக்கா தன் சங்கிலியை வைத்துப் பணம் தந்தாள். "மீட்டுக் குடுத்தா போதும், வட்டிய நான் கட்டிக்கிறேன்" என்றாள். அப்படியே எழுதினோம். இன்னொருவர் இருபதாயிரத்தைத் திரும்ப வேண்டாம் என்றார். எழுதினோம். இரண்டு வருஷத்துக்கு மாதம் இவ்வளவு என்று சிலர் ஒத்துக்கொண்டோம். கடைசியில், கல்யாணம் காட்சியில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார் மாமா. பணம் கொடுத்தவர்கள் பேச்சிலும் பங்கு கேட்பது நம் குடும்பங்களில் சாதாரணம். அவன் புதுச் சட்டை போட்டால், "நம்ம காசுல சட்டையைப் பாரு" என்பார்கள். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கினால் கண் உறுத்தும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் பலர் சொந்தக்காரனிடம் வாய் திறக்காமல் முகம் தெரியாத ஆப்பிடம் போகிறார்கள்.

கூட்டாகத் தாங்குவது எப்போது தாங்கலாக இருக்கிறது, எப்போது காவலாக மாறுகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. 1989-இல் தர்மபுரியில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, முதலில் சிறுகச் சேமித்து, பிறகு தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்டார்கள். இன்னாருக்கு ஏன் தேவை, எப்போது திருப்ப முடியும் என்று குழுவுக்குத் தெரியும். பின்னால் வந்த கம்பெனிகளின் குழுக் கடனில் பெயர் மட்டும்தான் குழு. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். வசூலுக்கு வந்தவர் பணம் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். அதுவரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த பெண்கள் ஒருத்தியின் வாசலில் நின்று கத்துவதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்களா என்ன? பக்கத்து வீட்டின் மேல் இருந்த அக்கறையை யாரோ வசூல் வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சட்டம் துணைக்கு இருக்கிறது. 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. வங்கிக்காகவோ நிதி நிறுவனத்துக்காகவோ வசூலிக்கிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்னும் இரவு ஏழு மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. ஆனால் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பவருக்கு இந்த விதியைத் தேடிப் படிக்கத் தெம்பு இருக்காது. பக்கத்தில் இருக்கிறவர்தான் படித்துச் சொல்ல வேண்டும், போனை வாங்கிப் பேச வேண்டும். எங்கள் வீட்டில் பெரியக்காவின் மகள், கல்லூரி முதல் வருஷம் படிக்கிறவள், அதைச் செய்தாள். "சார், மணி எட்டரை ஆச்சு. காலையில கூப்புடுங்க" என்று அவள் சொன்னதும் எதிர்முனை அடங்கியது. கார்டுக் கடனைப் பாதியில் முடித்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டியபோது, அப்படி முடித்தால் சிபில் கணக்கில் 'செட்டில்டு' என்று விழும், பிற்பாடு மிஷின் வாங்கக் கடன் கிடைக்காது என்று சொன்னவளும் அவள்தான். கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லை என்று கடிதம் வாங்கி, நோட்டுக்குள் வைத்தாள்.

இப்போது அவன் நாலு மிஷினோடு ஓட்டுகிறான். கார்டு இல்லை. பெரியக்காவின் சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டது. சித்தியின் வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது; தை மாதத்துக்குள் மீட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். நூல் கடைக்காரர் மறுபடி கடனுக்கு நூல் தருகிறார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ, கொஞ்ச நாளாகப் போனை எடுக்காமல், விசேஷங்களுக்கு வராமல் ஒருவர் இருந்தால் தயவுசெய்து போய்ப் பாருங்கள். கையில் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். யார் யாருக்கு என்று கேட்டு, முழுவதும் சொல்லி முடிக்கிற வரை கூடவே உட்கார்ந்திருங்கள். புத்திமதியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.