உப்பில் சோடியம் எங்கே?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘தனிமம்’ என்றும் இலங்கைப் பாடநூல்கள் ‘மூலகம்’ என்றும் வழங்கும் இரு சொற்களும் ஒரே வேதியியல் கருத்தைக் குறிப்பனவாகக் கொள்ளப்படினும், சொற்பொருளை நோக்குமிடத்து அவை இருவேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன. தனிமம் என்பது வேறொன்றும் கலவாது தனித்து நிற்பது; மூலகம் என்பது பலவற்றுக்கும் மூலமாய் அவற்றினுள் நிற்பது. தனித்திருக்கையில் காணப்படுவதும் சேர்ந்திருக்கையில் உள்ளே நிலைப்பதும் ஒன்றேதானா என்பது வேதியியலுக்குள்ளேயே எழும் தத்துவச் சிக்கல்.

சமையலுப்பு, சோடியமும் குளோரினும் குறித்த விகிதத்தில் பிணைந்து உண்டான பொருள், அதாவது சேர்மம். 1807இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு முதன்முதலாகப் பிரித்தெடுத்த சோடியம், கத்தியால் அரியத்தக்க மென்மையும் வெள்ளி போன்ற பளபளப்பும் உடைய உலோகம். நீரில் இட்டால் சீறிச் சுழன்று தீப்பற்றவும் கூடியது. குளோரினோ மூச்சை அடைக்கும் பசுமஞ்சள் நச்சுவாயு. இவ்விரண்டின் குணங்களுள் ஒன்றும் உப்பில் இல்லை. ஆயினும் பாத்திரத்திலிருந்து பொங்கி வழியும் உப்புநீர் அடுப்பில் விழுந்த கணத்தில் நீலச் சுடர் மஞ்சளாகிறது. அம்மஞ்சள் சோடியத்துக்கே உரிய ஒளி. கண்ணுக்கும் நாவுக்கும் எட்டிய குணங்கள் யாவும் மறைந்த பின்னரும், அங்கே ஏதோ ஒன்று தொடர்ந்து இருந்து, தன்னை இன்னதென்று காட்டிக்கொள்கிறது.

1789இல் லவாய்சியர், பகுப்பாய்வு சென்று நிற்கும் கடைசி எல்லையே தனிமம் என வரையறுத்து, 33 பொருள்களைப் பட்டியலிட்டபோது, ஒளியையும் வெப்பத்தையும்கூட அவற்றுள் சேர்த்தார். அவர் பொருளைத் தனிமையில் வைத்து நோக்கினார். 1869இல் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடை ஏறும் வரிசையில் அடுக்கி, ஒத்த பண்புகள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார். இம்மீள்வரவே ‘ஆவர்த்தனம்’ எனப்படுவது. கரி, கிராஃபைட், வைரம் ஆகியவை கையில் எடுக்கத்தக்க பொருள்கள் என்றும், கார்பன் என்னும் தனிமம் அவை மூன்றுக்கும் பொதுவாய் உள்ளிருப்பது என்றும் அவரே வேறுபடுத்தினார். ஆகவே அவர் அமைத்த ஆவர்த்தன அட்டவணையின் கட்டத்தில் இருப்பது கரியும் அன்று, வைரமும் அன்று. எந்த வடிவிலும் இருக்கத்தக்க, எந்த ஒரு வடிவாகவும் அடங்கிவிடாத கார்பன்.

இந்நோக்கின் வலிமை விரைவில் வெளிப்பட்டது. அட்டவணையில் வெற்றிடமாய் விடப்பட்ட கட்டம் ஒன்றுக்கு, ஒன்று எனப் பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லைச் சேர்த்து ‘ஏக-அலுமினியம்’ என மெண்டலீவ் பெயரிட்டிருந்தார். 1875இல் பிரான்சில் காலியம் கண்டறியப்பட்டு அதன் அடர்த்தி 4.7 என அறிவிக்கப்பட்டபோது, அது 5.9 அளவில் இருத்தல் வேண்டும் என்று அவர் எழுதினார். மேலும் தூய்மைப்படுத்தி அளந்தபோது அவ்வாறே இருந்தது. பொருளைக் கையில் வைத்திருந்தவரினும் அதன் இடத்தை மட்டும் அறிந்திருந்தவர் அதனைச் சரியாக அறிந்திருந்தார். அவ்விடத்தை நிர்ணயிப்பது எடையன்று, அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையாகிய அணு எண்ணே என்பது 1913இல் மோஸ்லியின் ஆய்வால் தெளிவாயிற்று. சோடியத்தின் எண் 11. உப்பாகும்போது சோடியம் ஓர் எலெக்ட்ரானை இழக்கிறது. அதனுடன் உலோகக் குணமும் போகிறது. 11 மட்டும் போவதில்லை.

இதையொத்த வழக்கு இந்தியத் தத்துவ மரபிலும் உண்டு. காரணத்தில் காரியம் முன்னரே நுண்ணிலையில் உளது என்னும் சற்காரியவாதத்தைச் சாங்கியமும் சைவ சித்தாந்தமும் கொள்ள, காரியம் முன் இல்லாது புதிதாய்த் தோன்றுவது என நியாய வைசேடிகர் மறுத்தனர். உப்பை இவ்வழக்கின் முன் நிறுத்தினால், தீர்ப்பு ஒரு பக்கமாய் அமையாது: உள்ளிருக்கும் மூலகம் புதிதன்று என்பதால் முன்னவர்க்கும், உவர்ப்பு எனும் குணம் உலோகத்திலோ வாயுவிலோ இருந்ததன்று என்பதால் பின்னவர்க்கும் அது சான்றாகிறது.

இங்கு ஐம்பூதங்களை 118 தனிமங்களோடு ஒப்பிட்டு, முன்னோர் அறியாமையைப் பழிப்பதும் முன்னறிவைப் போற்றுவதும் ஒருங்கே பிழையாகும். ஓசை, ஊறு, உருவம், சுவை, நாற்றம் என்னும் ஐந்து புலன்களோடு இணைத்து வகுக்கப்பட்ட பூதங்கள், உலகம் அறிபவனுக்கு எவ்வெவ்வாறு புலப்படுகிறது என்னும் வினாவுக்கு விடை. தனிமங்களோ, புலப்படும் குணங்கள் மாறியபோதும் மாறாது நிற்பது எது என்னும் வினாவுக்கு விடை. முன்னது குணத்தைப் பற்றி நிற்கிறது. பின்னது குணம் நீங்கிய இடத்தில் தொடங்குகிறது.

எனினும் அம்மாறாமை முடிந்த முடிபன்று. யுரேனியம் கதிர்வீசித் தேய்ந்து, பல படிகளைக் கடந்து ஈயமாகிறது. சூரியனின் நடுவில் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அங்கே 1, 2 ஆகிறது. எண்ணே மாறும் இடத்தில் அட்டவணையின் கட்டமும் மாறுகிறது. அடுப்பின் தீயோ அவ்வளவு ஆழம் செல்வதில்லை; அது எலெக்ட்ரான்களை மட்டும் அலைக்கிறது, அவ்வலைவே மஞ்சளாய்த் தெரிகிறது. மூலகம் எந்நாளும் அழியாத ஒன்றன்று. இந்தத் தீக்கு அழியாத ஒன்று. லவாய்சியரின் வரையறை ஒளியையும் வெப்பத்தையும் பற்றிப் பிழைபட்டிருப்பினும், எல்லை என்பது பிரிப்பவனின் ஆற்றலையும் சேர்த்தே குறிக்கும் என்னும் உண்மையை அது தன்னுள் கொண்டிருந்தது.