வேண்டாத பிள்ளையும் பெற்றோர் கடனும்

பெற்றோரைப் பேணுவதே மற்ற அறங்களுக்கெல்லாம் வேர் என்பது கன்பூசிய மரபின் அடிப்படைக் கொள்கை. பெற்றவர்களே வெறுத்து ஒதுக்கிய பிள்ளைக்கும் அந்தக் கடன் உண்டா என்ற கேள்வியை அம்மரபு பழங்காலம் முதலே எதிர்கொண்டு வந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் அக்கேள்வியை வாழ்ந்து பார்த்தவர்களுள் ஒருவர் எழுத்தாளர் அடலின் யென் மா. 1937இல் தியான்ஜின் நகரின் செல்வக் குடும்பமொன்றில் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு தாய் இறந்ததால், ராசி கெட்டவள் என்ற பழி குழந்தைமீது விழுந்தது. தந்தை மறுமணம் செய்துகொண்டார். ஷாங்காய் வீட்டில் இளைய தாரத்தின் பிள்ளைகள் பெற்றோருடன் ஒரு தளத்தில் இருக்க, மூத்த தாரத்தின் பிள்ளைகள் தாத்தாவோடும் அத்தையோடும் மேல்தளத்தில் வைக்கப்பட்டனர். பள்ளிக்குப் போக டிராம் கட்டணம்கூட மறுக்கப்பட்டது. 'ஃபாலிங் லீவ்ஸ்' (1997), 'சைனீஸ் சிண்ட்ரெல்லா' (1999) ஆகிய நூல்களில் அவர் இவற்றை எழுதியிருக்கிறார். வறுமையைக் காரணம் காட்ட இங்கே இடமில்லை. வீட்டில் எல்லாம் இருந்தும் அவருக்கு எட்டவில்லை. மருத்துவராகி அமெரிக்காவில் நிலைபெற்ற பின்னும் பெற்றோரின் அங்கீகாரத்துக்கு ஏங்கினார். 1990இல் சிற்றன்னை இறந்தபோது, உயிலில் அவருக்குப் பங்கு இல்லை.

இத்தகைய பிள்ளைக்கு முன்மாதிரியாகப் பழைய நூல்கள் காட்டுவது ஷுன் என்னும் தொன்மப் பேரரசரை. களஞ்சியத்தைச் செப்பனிடப் பெற்றோர் அவரை மேலே ஏற்றிவிட்டு, ஏணியை எடுத்துத் தீ வைத்தனர். கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மண் போட்டு மூடினர். இரண்டிலும் தப்பிய ஷுன் தந்தையை வெறுக்கவில்லை. ஆயினும் எல்லாவற்றுக்கும் பணியவும் இல்லை. சொன்னால் தடுப்பார்கள் என்பதால் பெற்றோருக்குச் சொல்லாமலே மணம் செய்துகொண்டார். கன்பூசிய மெய்யியலாளர் மென்சியஸ் அதைச் சரியென்றார். ஷுன் வயலில் நின்று வானை நோக்கி அழுததையும் அவர் குற்றமாகக் கருதவில்லை. பெற்றோரின் தவறு பெரிதாக இருக்கும்போது மனம் நோகாத பிள்ளை அவர்களை அந்நியராக்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. அதாவது, புண்பட்ட மனமே பாசத்துக்குச் சான்று.

பணிவுக்கு எல்லையும் வகுக்கப்பட்டது. தந்தை தடியால் அடித்து மயங்கி விழும்வரை அசையாமல் நின்ற தம் சீடர் செங்ஸியைக் கன்பூசியஸ் கண்டித்ததாக ஒரு கதை உண்டு. சிறு அடியைப் பொறுக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் ஓடிவிட வேண்டும், இல்லையேல் தந்தையைக் கொலைப்பழிக்கு உள்ளாக்கும் பாவம் பிள்ளையைச் சேரும். தந்தையைவிட நீதியைப் பின்பற்றுவதே உயர்ந்தது என்று மற்றொரு கன்பூசிய மெய்யியலாளரான சுன்ஸி எழுதினார். தந்தைக்குக் கருணை, பிள்ளைக்குப் பேணுதல் என்று கடனை இரு பக்கமும் வைத்தது 'சடங்கு நூல்'. பிற்காலச் சமூகம் பிள்ளையின் பங்கையே வலியுறுத்தி, தந்தையின் பங்கைத் தளரவிட்டது.

1919இல் சீன எழுத்தாளர் லூ சுன் இதைத் தலைகீழாக்கினார். பிள்ளையைப் பெற்றது உபகாரம் ஆகாது, அதற்குக் கைம்மாறு கேட்பதும் முறையாகாது என்றார்; வளர்த்து விடுதலை செய்வதே பெற்றோரின் கடமை என்று வாதிட்டார்.

இவ்வாதங்களைச் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகும். ஒதுக்கப்பட்ட பிள்ளை பெற்றோரை மதிக்கலாம். அதற்காகத் தன் உயிரையோ நியாயத்தையோ வலியையோ மறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அன்பைத் தொடங்கிவைக்கும் கடன் பெரியவர்களுடையது. அதை அவர்கள் செலுத்தத் தவறினால் குற்றம் அவர்களைச் சேரும், குழந்தையைச் சேராது.