நீதிபதியின் கைப்பொருள்

வழக்கு மன்றத்தில் இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருபுறம் பெருநிறுவனம், மறுபுறம் அதனால் நிலமிழந்த உழவர். தீர்ப்பளிக்க அமர்ந்திருப்பவரிடம் அந்நிறுவனத்தின் பங்குகள் சில உள்ளன. அவர் நேர்மையாளர், பங்கை எண்ணித் தீர்ப்பெழுத மாட்டார் என்றே கொள்வோம். ஆயினும் அச்செய்தியை அறியும் உரிமை அந்த உழவர்க்கு உண்டா, இல்லையா?

நீதிபதிகளின் சொத்து விவரம் பற்றிய வினாவின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது என்பது என் துணிபு. ஆனால் நம் நாட்டில் இது பெரும்பாலும் நீதிபதியின் மானப் பிரச்சினையாகவே பேசப்பட்டு வந்துள்ளது.

1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி, தம் பெயரிலும், வாழ்க்கைத் துணைவர் மற்றும் தம்மைச் சார்ந்தோர் பெயரிலும் உள்ள நிலபுலன்களையும் முதலீடுகளையும் தலைமை நீதிபதியிடம் தெரிவிப்பதெனத் தீர்மானித்தனர். அது மறைவாக வைக்கப்படும் என்றும் முடிவாயிற்று. 2007-இல் தில்லியைச் சேர்ந்த சுபாஷ் சந்திர அகர்வால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் அளித்தார். சொத்து விவரத்தை அவர் கேட்கவில்லை. விவரம் அளிக்கப்படுகின்றதா என்று மட்டுமே கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ விடையிறுக்கத்தக்க அவ்வினா, தகவல் ஆணையத்தையும் தில்லி உயர் நீதிமன்றத்தையும் கடந்து, 2019 நவம்பர் 13 அன்றுதான் ஐவர் அமர்வில் முடிவுற்றது. உச்ச நீதிமன்றமே மனுதாரராக உயர் நீதிமன்றத்தின் படியேறிய விந்தையும் இடையே நிகழ்ந்தது! தேர்தல் வேட்பாளர்கள் தம் சொத்தை அறிவிக்க வேண்டுமென 2002-இல் ஆணையிட்டதும் அதே நீதிமன்றமே அன்றோ?

அரசுப் பள்ளி ஆசிரியை, மனைக்கட்டு ஒன்று வாங்கினாலும் மேலதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். நானும் எழுதியிருக்கிறேன். அதை எவரும் இழிவாகக் கருதியதில்லை.

அமெரிக்க நாட்டின் அனுபவம் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அங்கே கூட்டரசு நீதிபதிகள் ஆண்டுதோறும் தம் முதலீடுகளை அறிவிக்க வேண்டுமென 1978-இலேயே சட்டம் செய்தனர். வழக்காடும் நிறுவனத்தில் ஒரே ஒரு பங்கு இருப்பினும் நீதிபதி விலக வேண்டும் என்பதும் அந்நாட்டுச் சட்டமே. எனினும் அவ்வறிக்கைகளைப் பெறுதல் சாமானியர்க்கு எளிதாக இருக்கவில்லை. 2021-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் என்னும் நாளிதழ் அவற்றை வழக்குப் பட்டியல்களோடு ஒப்பிட்டது. 2010 முதல் 2018 வரை, தாமோ தம் குடும்பத்தாரோ பங்கு வைத்திருந்த நிறுவனங்கள் தொடர்பான 685 வழக்குகளில் 131 நீதிபதிகள் விலகாதிருந்தமை வெளிப்பட்டது. அவர்கள் அனைவரும் கைக்கூலி பெற்றவர் அல்லர். மறதியும் கவனக்குறைவுமே பலரிடம் காணப்பட்டன. ஆனால் தோற்றவர்க்கு அந்த வேறுபாடு எவ்வாறு விளங்கும்? 2022-இல் புதுச்சட்டம் வந்தது. அறிக்கைகளை இணையத்தில் வெளியிடவும், ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட பங்கு விற்பனையையும் வாங்குதலையும் 45 நாட்களுக்குள் தெரிவிக்கவும் அது பணித்தது.

மறுப்போர் கூற்றையும் புறந்தள்ளலாகாது. தோற்ற வழக்காளி பகைகொண்டு நீதிபதியின் மனைவி நகையைக்கூடப் பழிச்சொல்லுக்கு ஆளாக்கக்கூடும். நீதிபதியோ செய்தித்தாளில் மறுமொழி எழுத இயலாதவர். ஆகவே வீட்டு முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மறைக்கட்டும். நிறுவனங்களின் பெயரை மறைப்பது எதற்காக?

தாமாக முன்வந்து வெளியிடுவதே சிறப்பு என்பர் சிலர். சாவகர் ஏற்கும் அணுவிரதங்களுள் பொருள் வரைதலும் ஒன்று என்பதை நாம் அறிவோம். அவ்விரதம் ஏற்பவரின் உயிர்நலம் கருதியது. ஆதலின் அது அவர் விருப்பத்தில் நிற்கலாம். நீதிபதியின் அறிவிப்போ வாயிலில் காத்து நிற்பவரின் பொருட்டு அமைவது. அதை அவர் விருப்பத்திற்கு விட்டுவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

2025 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள், தம் சொத்து விவரத்தை மக்கள் பார்வைக்கு வைப்பதெனத் தீர்மானித்தனர். மே 5 அன்று 33 பேரில் 21 பேரின் விவரங்கள் வெளியாயின. மனமுவந்து வரவேற்கிறேன். ஆயினும் அது அவர்களே செய்த தீர்மானம். நாடாளுமன்றச் சட்டத்தின் ஆணையன்று. உயர் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தவும் இல்லை. நம் குடும்பங்களின் பாகப்பிரிவினை வழக்கோ, நில வழக்கோ தில்லிவரை செல்வது அரிது. பெரும்பாலும் அந்த உயர் நீதிமன்றங்களிலேயே அவை முடிந்துவிடுகின்றன.