அந்தச் சிறுமிக்கு என்ன கொடுத்தார்கள்?



யாயிரின் வீட்டில் பன்னிரண்டு வயது மகள் இறந்துவிட்டாள். வாசலில் ஒப்பாரி. ஆண்டவர் உள்ளே போகிறார், கையைப் பிடிக்கிறார், பிள்ளை எழுந்து நடக்கிறாள். எல்லாரும் மலைத்து நிற்கும்போது ஆண்டவருக்கு மட்டும் ஒன்று தோன்றுகிறது: பிள்ளைக்குப் பசிக்குமே! சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். நற்செய்தியாளர் மாற்கு அங்கேயே நிகழ்ச்சியை முடித்துவிடுகிறார். பல ஆண்டுகளாக அந்த இடத்தை நான் வேகமாக வாசித்துக் கடந்துவிட்டேன். இந்த வாரம் கடக்க முடியவில்லை. அடுப்படிக்கு ஓடியது யார்? என்ன கொடுத்தார்கள்?

என்ன கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்தான். கானா நாட்டின் கரையோர மக்கள் பேசும் கா மொழியில் 'குவாஷியோர்கர்' என்றொரு சொல் உண்டு. அடுத்த குழந்தை வந்ததும், பால் மறக்கவைக்கப்பட்ட மூத்த பிள்ளைக்கு வரும் நோய் அது. கால் வீங்கும், முடி நிறம் மாறும், தோல் உரியும். 1930களில் அங்கே பணிசெய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர்தான் அந்தச் சொல்லை மருத்துவ உலகுக்குக் கொண்டுபோனார். அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைத்தது. வயிறும் நிறைந்தது. ஆனால் அது வெறும் மக்காச்சோளக் கஞ்சி. உடம்பு வளரத் தேவையான லைசின், டிரிப்டோபன் என்ற இரண்டு சத்துகளும் மக்காச்சோளப் புரதத்தில் மிகக் குறைவு. ஊட்டிய தாய்க்கு இது எப்படித் தெரியும்?

1960களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில், இந்த இரண்டும் ஏறக்குறைய இருமடங்கு உள்ள ஒரு மக்காச்சோளத்தை அடையாளம் கண்டார்கள். ஆனால் அதன் மணி சுண்ணாம்புக்கட்டி போல மாவாக இருந்தது. விளைச்சல் குறைவு, வண்டு துளைத்தது, கதிர் அழுகியது. விவசாயி அதை ஏற்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் பலரும் கைவிட்டார்கள்.

மெக்சிகோவில் உள்ள சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆராய்ச்சி மையத்தில் இருவர் கைவிடவில்லை. ஒருவர் எவாஞ்சலினா வியேகாஸ், மெக்சிகோ நகரில் 1924இல் பிறந்த வேதியியலாளர். மற்றவர் இந்தியாவிலிருந்து போன சுரிந்தர் வாசல்.

நேற்று இரவு ஒரு மக்காச்சோள மணியை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவி வந்தது. கெட்டியான மணி அப்படித்தான் இருக்கும். சத்து மிகுந்த அந்த மணியோ ஒளியை விடாமல் மங்கிக் கிடக்கும். அந்த மையத்தில், அடியில் விளக்கெரியும் மேசையில் மணிகளைப் பரப்பி, சத்துள்ள வகையிலேயே ஓர் ஓரமாவது ஒளி விடும் மணியைப் பொறுக்குவார்கள். அதை விதைத்து, இனம் கலந்து, அறுத்து, மறுபடியும் பொறுக்குவார்கள். மணி கெட்டிப்படும்போது சத்து நழுவிவிடலாம். ஆகவே ஒவ்வொரு தலைமுறையையும் வியேகாஸ் அம்மையாரின் ஆய்வகம் சோதித்துச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் 20,000 மாதிரிகளுக்கு மேல் அங்கே வந்தன. பத்தாண்டுக்கும் மேலாக இதே வேலை. நம்மில் எத்தனை பேர் ஒரே செபத்தைப் பத்தாண்டு விடாமல் சொல்லியிருப்போம்?

1980களின் நடுவில் கெட்டியான, சுவையான, விளைச்சலும் தரும் மணி கையில் இருந்தது. அப்போது பார்த்து நிதி வற்றியது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. பிறகு 1992இல் கானாவில் அந்த வழிவந்த ஒரு ரகம் விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. 'ஒபாடன்பா' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பாலூட்டும் நல்ல தாய் என்று அங்கே பேசப்படும் இன்னொரு மொழியில் பொருள். பால் மறந்த பிள்ளையின் நோய்க்குப் பெயர் தந்த அதே நாடு!

2000ஆம் ஆண்டு இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் வியேகாஸ். அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் யாயிர் வீட்டில் ஆண்டவர் சொன்ன வேலையைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் செய்தார் என்று உறுதியாக நம்புகிறேன். சிறுமியை எழுப்பியது ஆண்டவர். உணவு கொடுப்பதை மட்டும் அந்த வீட்டாரிடம் விட்டுவிட்டார்.

போன வாரம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பிள்ளை என்னிடம் வந்தாள். வேளாண்மைக் கல்லூரியில் சேர ஆசையாம். "பொம்பளப் புள்ளைக்கு வயல்ல என்ன வேலைன்னு அப்பா கேக்குறாங்க ஃபாதர்" என்று கண் கலங்கினாள். பெயர் சொல்லமாட்டேன். பூசை முடிந்ததும் நான் கோயில் வாசலில்தான் நிற்பேன். அந்த அப்பா இங்கே இருந்தால், மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.