ஏலத்துக்கு வந்த வீடும், அதில் வாழ்ந்தவரின் ஹக்கும்

 

ஒரு சகோதரர் ஜும்ஆ முடிந்து என்னிடம் வந்தார். மொபைலில் ஒரு வங்கியின் ஏல அறிவிப்பைக் காட்டினார். "ஹழ்ரத், வெளியே ஐம்பது லட்சம் போகும் வீடு. வங்கி நாற்பதுக்கு விடுகிறது. எடுக்கலாமா?" என்று கேட்டார். வீடு யாருடையது என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கி, "நம்ம முஹல்லாதான். ஃபஜ்ருக்கு நம்ம பக்கத்தில் நிற்பவர்தான்" என்றார்.

பெயரையும் தெருவையும் யாரும் தேட வேண்டாம். இது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஒரே ஸஃப்பில், தோளோடு தோள் சேர்த்து இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவருடைய வீடு பத்திரிகையில் வந்துவிட்டது. மற்றவர் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்திருக்கிறார். இந்த இருவருக்கும் நடுவில் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதுதான் இன்று நாம் சிந்திக்க வேண்டிய விஷயம்.

மலிவாக வாங்குவது பாவமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்த விலைக்குப் பொருள் தேடுவது குற்றமல்ல. பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பணத்துடன் நிற்பவர் விலையைப் பார்க்கத்தான் செய்வார். வீட்டு வசதி வாரியம் கட்டி, விற்காமல் நிற்கும் குடியிருப்புகளை அரசு அறிவிக்கும்போது போய் வாங்குங்கள். வட்டிக்கடன் இல்லாமல் வாங்க முடிந்தால் அதில் யாருடைய கண்ணீரும் இல்லை.

ஏலம் என்பதும் அடிப்படையில் தடுக்கப்பட்டதல்ல. அன்ஸாரிகளில் ஒரு ஏழை நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒரு கம்பளித் துணியும் ஒரு கிண்ணமும் இருந்தன. அவற்றைத் தம் கையில் வாங்கி, யார் வாங்குகிறீர்கள் என்று சபையில் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூடுதலாகத் தருபவர் உண்டா என்று மீண்டும் மீண்டும் கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரு திர்ஹத்தில் வீட்டுக்கு உணவு வாங்கவும், மற்றொன்றில் கோடரி வாங்கி விறகு வெட்டி விற்கவும் அவருக்கு வழி காட்டினார்கள். அபூதாவூத், இப்னு மாஜா முதலிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது.

இந்தச் சம்பவத்தை ஏலம் கூடும் என்பதற்கு ஆதாரமாகச் சொல்கிறோம். அதோடு நிறுத்திவிடுகிறோம். சகோதரர்களே, அந்த ஏலத்தில் விலை யாருக்காக உயர்த்தப்பட்டது? பொருளை இழக்கும் ஏழைக்காக. ஒரு திர்ஹத்துக்கே கொடுத்திருக்கலாம், வாங்குபவர் மகிழ்ந்திருப்பார். ஆனால் அல்லாஹ்வின் தூதர் விற்பவரின் பக்கம் நின்றார்கள். நம் ஏலங்களில் அவருடைய பக்கம் நிற்பவர் யார்?

ஏல அறிவிப்புக்கு முன்னால் நடப்பது

வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர் தவணையைத் தொடர்ந்து 90 நாள் கட்டாமல் விட்டால் அது வாராக்கடன் கணக்கில் சேர்கிறது. அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, 60 நாளில் முழுப் பாக்கியையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். கட்டாவிட்டால் வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுத்துக்கொண்டதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டப்படும். இரண்டு பத்திரிகைகளிலும் வரும். அதற்கும் பிறகுதான் ஏல அறிவிப்பு.

இந்த வரிசையைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். முழுப் பாக்கியையும் செலவுகளோடு கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான். 2016இல் சட்டம் அப்படித் திருத்தப்பட்டது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதாவது, நீங்களும் நானும் ஏல விளம்பரத்தைப் பார்த்து "அடடா, இன்னாருடைய வீடா!" என்று சொல்லும்போது அவருக்கு உதவும் முக்கியமான நேரம் கடந்து போயிருக்கும்.

ஆனால் அதற்கு முன் மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவர் நம்மோடு தொழுதுகொண்டுதான் இருந்தார். கதவில் ஒட்டிய தாளை அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். அவர் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, நாம் சங்கடப்பட்டுக் கேட்கவில்லை. பிறகு வீடு விலைக்கு வந்தவுடன் மட்டும் நமக்கு அவருடைய வீடு கண்ணில் படுகிறது!

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை மஸ்ஜிதுந் நபவியில் வைத்து இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். சத்தம் உயர்ந்தது. வீட்டுக்குள் இருந்த நபி (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்தார்கள். பாதிக் கடனைத் தள்ளுபடி செய்யும்படி கஅபுக்குக் கையால் சைகை செய்தார்கள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். பிறகு கடனாளியைப் பார்த்து, எழுந்து மீதியைக் கட்டிவிடும்படி சொன்னார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இந்தச் செய்தி உள்ளது.

கடன் விவகாரம் பள்ளிவாசலுக்குள்ளேயே பேசித் தீர்க்கப்பட்டது. இன்றும் வங்கிகளில் ஒரே தவணையில் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. தனியாகப் போய்க் கெஞ்சுபவருக்குக் கிடைக்காத அவகாசம், ஜமாஅத் பெரியவர்கள் இருவர் கூடப் போனால் கிடைக்கலாம். வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு அவரே நல்ல விலைக்கு விற்கவும் வழி உண்டு. வாங்க நினைக்கும் நீங்களே அந்த நேரத்தில் நேராகப் போய், "நியாயமான விலை தருகிறேன், வங்கிக் கடனை அடைத்துவிட்டு மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். உங்களுக்கு வீடு கிடைக்கும். அவருக்கு மானத்தோடு ஒரு தொகை மிஞ்சும்.

கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் சூரத்துல் பகராவின் 280ஆவது வசனத்தில் அல்லாஹ் வழிகாட்டுகிறான். ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடன்பட்டவர்களும் உண்டு. நம் பைத்துல் மாலில் அந்தப் பிரிவுக்கு எவ்வளவு ஒதுக்குகிறோம் என்று நிர்வாகிகள் யோசிக்க வேண்டும்.

நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் விற்பனை

நிர்ப்பந்தத்தில் சிக்கியவரின் விற்பனையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. ஆனால் அதை விளக்கும்போது, ஹிஜ்ரி 388இல் மறைந்த இமாம் கத்தாபீ (ரஹ்) ஓர் அருமையான வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். ஒருவரை அடித்து மிரட்டி விற்க வைத்தால் அந்த வியாபாரமே செல்லாது. கடன் நெருக்கடியால் ஒருவர் பொருளை அடிமாட்டு விலைக்கு விற்கிறார் என்றால், ஒப்பந்தம் செல்லும். ஆனால் மார்க்கப் பற்றும் பெருந்தன்மையும் உள்ளவர் அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்ளாமல், அவருக்குக் கடன் கொடுத்தோ அவகாசம் கொடுத்தோ உதவ வேண்டும்.

கவனியுங்கள். ஒப்பந்தம் செல்லுமா என்பது ஒரு கேள்வி. நான் செய்வது நல்லதா என்பது இன்னொரு கேள்வி. நம்மில் பலர் முதல் கேள்விக்கு ஃபத்வா வாங்கிக்கொண்டு இரண்டாவதைக் கேட்பதே இல்லை.

வங்கி ஏலத்தைப் பொறுத்தவரை முதல் கேள்வியிலேயே ஆலிம்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. உரிமையாளரின் மனதிருப்தி இல்லை, பாக்கியில் வட்டியும் கலந்திருக்கிறது என்று ஒரு சாரார் தடுக்கிறார்கள். அடமானப் பொருளை விற்றுக் கடனை அடைப்பது ஃபிக்ஹில் உள்ளதுதான், அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று மறு சாரார் பார்க்கிறார்கள். ஆகவே ஆவணங்களோடு ஒரு நல்ல ஆலிமிடம் போய்க் கேளுங்கள். ஏலத்தொகையை வட்டிக்கடன் வாங்கிக் கட்டுவது கூடாது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஒருவரைத் தள்ளிய குழியில் நாம் போய் விழக்கூடாது.

மிச்சம் யாருடைய பணம்?

"வங்கி நஷ்டப்பட்டால் நமக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். இங்கேதான் பெரிய தவறு இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் சந்தை விலை 50 லட்சம். பாக்கி எல்லாச் செலவும் சேர்த்து 38 லட்சம். ஏலம் 47 லட்சத்துக்குப் போனால், வங்கி தன் பணத்தை எடுத்துக்கொண்டு மீதி 9 லட்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும், அதுதான் சட்டம். 40 லட்சத்துக்குப் போனால் அவருக்குக் கிடைப்பது 2 லட்சம். 34 லட்சத்துக்குப் போனால் வீடும் போய், மீதி 4 லட்சத்துக்கு அவர் இன்னும் கடனாளி. அந்தப் பணத்துக்காக வங்கி மீண்டும் அவரைத் தேடி வரலாம்.

அப்படியென்றால் ஏலத்துக்கு வருபவர்கள் கூடிப் பேசி, "நீ கேட்காதே, நானும் ஏற்ற மாட்டேன், பிறகு பங்கு போட்டுக்கொள்வோம்" என்று கூட்டுச் சேரும்போது அவர்கள் எடுப்பது யாருடைய பணம்? வங்கியின் பணம் அல்ல. 47 லட்சத்துக்குப் போக வேண்டியதை 40க்கு முடித்தவர்கள், அந்த மனிதரின் பிள்ளைகளிடமிருந்து 7 லட்சத்தை எடுத்திருக்கிறார்கள். அடமானம் வைத்தது அவர் தவறாக இருக்கலாம். அதற்காக அவருடைய மீதிப் பணம் நமக்கு ஹலாலாகிவிடாது. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடும் நஜ்ஷை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பொய்யாக ஏற்றுவது துரோகம் என்றால், சூழ்ச்சியால் இறக்குவது மட்டும் சாமர்த்தியமா?

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவர்களுடைய பணியாளர் 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்துக் கொண்டுவந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது இன்னும் அதிகம் பெறும் என்று விற்றவரிடமே சொன்னார்கள். படிப்படியாகத் தாமே விலையை உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். காரணம் கேட்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் தாம் செய்த பைஅத்தை நினைவூட்டினார்கள். தபரானீயில் இந்தச் சம்பவம் வருகிறது. எல்லோரும் ஜரீர் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் நாம் எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பது இதில் தெரிகிறது.

சாவி கைக்கு வரும் நாள்

ஏலம் முடிந்து, பணமும் கட்டியாகிவிட்டது. உள்ளே அவர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். அப்போதுதான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது. ஆட்களை அனுப்பி மிரட்டுவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும், சாமானைத் தெருவில் எடுத்து வைப்பதும் ஒரு முஃமினின் குணமா? காலி செய்து வாங்கச் சட்டத்தில் முறையான வழி இருக்கிறது. அதற்கு முன் நேரில் போய் ஸலாம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றால் பொறுங்கள். வண்டி வாடகையை நீங்கள் கொடுங்கள். முடிந்தால் வாடகை வீட்டு முன்பணத்துக்கு உதவுங்கள். அவருடைய கதையைத் தெருவில் சொல்லாதீர்கள்.

வீட்டை இழப்பது என்னவென்று நம் நபி (ஸல்) அவர்களுக்குத் தெரியும். ஹிஜ்ரத் செய்தபின் மக்காவில் இருந்த குடும்பத்து வீடுகளை அகீல் விற்றுவிட்டார். மக்காவுக்கு வந்தபோது, உங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று உஸாமா (ரலி) கேட்டார்கள். அகீல் நமக்கு வீடு ஏதும் விட்டுவைத்தாரா என்று பதில் கேள்வி கேட்டார்கள். புகாரீயில் உள்ள செய்தி இது. வெற்றியாளராக வந்தவர்கள் எவரையும் எழுப்பிவிட்டு அந்த வீட்டுக்குள் போகவில்லை.

அன்பிற்குரியவர்களே! அந்தச் சகோதரருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகும் வாங்க மனம் வந்தால், மார்க்கத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு, நேர்மையான விலை சொல்லுங்கள்." இன்று இதைக் கேட்பவர்களில் வங்கி நோட்டீஸை மறைத்து வைத்திருப்பவர் யாராவது இருந்தால், வெட்கப்படாமல் இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். இன்னும் நாள் இருக்கலாம்.

உலகில் ஒரு முஃமினின் துன்பத்தை நீக்கியவரின் மறுமைத் துன்பத்தை அல்லாஹ் நீக்குகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள். அந்த நாளில் நாம் எல்லோருமே கடனாளிகள்தான். அன்று நமக்கு அவகாசம் வேண்டும், தள்ளுபடி வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் கடன்களை நிறைவேற்றி வைப்பாயாக. வட்டியிலிருந்து எங்களையும் எங்கள் சந்ததிகளையும் காப்பாயாக. பிறருடைய கண்ணீர் கலக்காத வீடுகளில் எங்களைக் குடியமர்த்துவாயாக. வீடிழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவாயாக. ஆமீன்.