கிள்ளான் நிலையமும் தென்புலத்தார் கடனும்

ஜெஞ்சாரோம் ஊரில் ரயில் இல்லை. இந்த வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு ரயில் என்றால் கிள்ளான்தான். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து ஈயம் ஏற்றிவரப் போட்ட தண்டவாளம் கிள்ளான் ஆற்றைக் கடக்காமல் புக்கிட் கூடாவோடு நின்றது. பாலம் கட்டி 1890-இல் கிள்ளானுக்கு வந்தது. அந்தப் பழைய நிலையத்தைக் காக்க வேண்டும் என்போர் பெரும்பாலும் அதன் தூண்களையும் கூரையையும் சுட்டுகிறார்கள். அழகு மட்டுமே காரணம் என்றால், அதைவிட அழகான கட்டடம் எழும் நாளில் அந்தக் காரணம் செத்துவிடும். நிலையத்தைப் பேண வேண்டியது இறந்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனால் என்பதே என் வாதம். திருக்குறள் இல்வாழ்வானின் ஐந்து கடமைகளைச் சொல்லும்போது தெய்வத்துக்கும் முன்னால் மறைந்த முன்னோராகிய தென்புலத்தாரை வைக்கிறது. காடு வெட்டி, மண் சுமந்து, மலேரியாவில் மாண்டு இந்நாட்டின் பாதைகளைப் போட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். 1942-43-இல் ஜப்பானியர், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரை ரயிலேற்றிச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, திதியும் தெரியாது.

இடத்தைப் பிடித்துக்கொள்வதும் ஒரு பற்றுதானே, ஆன்மா செங்கல்லிலா இருக்கிறது என்று வேதாந்தம் படித்தவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பற்று வேறு, கடன் வேறு. பற்று நமக்கு வேண்டியதைத் தேடுகிறது. கடன் பிறருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கிறது. பிதிர்க்கடனிலிருந்து விலக்கு துறவிக்குத்தான். குடும்பமும் ஊரும் வைத்து வாழ்கிற நமக்கு அந்த விலக்கு இல்லை.

வெள்ளையன் தன் லாபத்துக்குப் போட்ட பாதையைப் போற்றுவது அடிமைத்தனம் என்பது இன்னும் கனமான மறுப்பு. இதற்கு நம் நடுகற்களே விடை சொல்கின்றன. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் காலக் கற்களில் அரசனின் ஆட்சியாண்டு பொறித்திருக்கிறது. ஆயினும் கல் நட்டது அரசனுக்காக அல்ல, ஆநிரை மீட்கப் போரிட்டு வீழ்ந்த ஊர்க்காரனுக்காக. ஆட்சி யாருடையது என்பது காலக்கணக்கு. உயிர் கொடுத்தவன் யார் என்பதே கல்லின் பொருள். ரயில் நிலையத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும். பெயரே தெரியாதவர்களுக்கு என்ன செய்வது என்றால், அதற்கும் மரபில் வழி உண்டு. தாயும் தந்தையும் சுற்றமும் இல்லாமல் போனவர்களுக்கென்று தர்ப்பணத்தின் முடிவில் தனியே நீர் விடுகிறோம். பெயர் தெரியாதது கடனைக் குறைப்பதில்லை. நீர் விட வேறு யாரும் இல்லாததால் அது கூடுகிறது.

நிலையத்துக்கு வண்ணம் அடிப்பது நல்லதுதான், அதோடு நின்றால் போதாது. பாதை போட்டவர்களையும், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களையும் குறிக்கும் கல்வெட்டு ஒன்று, மலாயிலும் தமிழிலும், பயணிகள் நடக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். கிள்ளானின் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ரயில்வே நிர்வாகத்திடம் இதைக் கூட்டாகக் கேட்க வேண்டும். மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.