இழுவைமடியும் உள்நாட்டான் கடனும்

உறையூர் காசிவிளங்கி சந்தையில் இறால் வாங்குகிறவரும் கைலாசபுரம் குடியிருப்பில் வாசலுக்கு வரும் மீன்காரரிடம் விலை பேசுகிறவரும், மீன் எந்த மடியில் விழுந்தது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டுமா என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. பாக் நீரிணைச் சிக்கல் என்றாலே கச்சத்தீவு, எல்லைக்கோடு, சிறைபிடிப்பு என்றுதான் நாளிதழ்களில் படிக்கிறோம். மீனவரைச் சுடுவதும் அடிப்பதும் எந்த நியாயத்திலும் அடங்காது. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போட்டாலும் அதன் இருபுறமும் கிடக்கிற தரை ஒன்றுதான். அந்தத் தரைக்கு நேர்வதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. முக்கொம்பில் பிரிந்து கல்லணை தாண்டும் காவிரியின் கிளைகள் சில முத்துப்பேட்டைக் காயலில் கலந்து பாக் நீரிணையைத்தான் சேர்கின்றன. ஆகவே திருச்சிக்காரருக்கு அது அந்நிய மண் என்றும் சொல்லிவிட முடியாது.

இறால் சேற்றில் புதைந்து கிடக்கும் உயிர். அதைக் கிளப்ப, விசைப்படகு இழுத்துப்போகும் வலையான இழுவைமடியின் அடிக்கயிறு தரையைச் சுரண்டியே ஆக வேண்டும். மடியின் வாயை விரித்து வைக்கும் இரண்டு கனத்த பலகைகளும் மண்ணைக் கீறிக்கொண்டே போகும். அந்த மண்ணுக்குள் புழுக்களும் மட்டிகளும் வளைதோண்டும் இறால்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. அவை குடையும் வளைகளின் வழியே உயிர்வளி சேற்றுக்குள் இறங்குகிறது. மேலிருந்து விழும் செத்தவை மக்கி, உரமாக மீண்டும் நீருக்கு ஏறுகின்றன. மட்டிகள் நீரை வடிகட்டுகின்றன. உலகின் பல கடல்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, பலகை வைத்த இழுவைமடி ஒருமுறை போனால் சராசரியாக 2.4 செ.மீ. ஆழம் கீறி, தரைவாழ் உயிர்த்திரளில் சுமார் 6 விழுக்காட்டை அழிக்கிறது என்றது. இழுவை நின்ற பிறகு தரை தேறிவர 1.9 முதல் 6.4 ஆண்டுகள் ஆகும் என்றும் கணித்தது. ஆறு விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் முறை உண்டு. தேறுவதற்குள் மடி திரும்ப வந்துவிடுகிறது. முதலில் மறைபவை மெதுவாக வளர்ந்து பல்லாண்டு வாழும் பெரிய உயிர்கள். மிஞ்சுவன சட்டென்று பெருகும் சின்னப் புழுக்கள். தலைகளை எண்ணினால் குறைவு தெரியாமலும் போகும். ஆழமாகக் குடைகிற, நீரை வடிக்கிற வேலைதான் நின்றுபோயிருக்கும்.

உழாத நிலம் விளையுமா, கடலையும் கிளறிவிட்டால்தானே மீன் வரும் என்று ஒரு வாதம் உண்டு. சில இடங்களில் கிளறிய மண்ணில் புழு பெருகி, அதைத் தின்னும் மீன் கூடுவது உண்மைதான். அலை ஓயாமல் புரட்டும் மணல்தரைக்குச் சேதம் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உழுகிறவன் தன் வயலை உழுகிறான், விதைக்கவும் செய்கிறான். இங்கே கீறப்படுவது பொதுத்தரை. சேறும் கடற்புல்லும் பரந்த ஆழமற்ற கடல் இது. அந்தப் புல்லை மேயும் கடற்பசுவான ஆவுளியாவுக்காக 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கி.மீ. காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இழப்பும் மடி போட்டவருக்கு மட்டுமானதன்று. ராமேசுவரத்து நாட்டுப்படகுக்காரரும், இலங்கைப் போர் முடிந்து 2009க்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவரும் அதே தரையை நம்பியவர்கள். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது; அங்கே தடையைக் கேட்டுப் போராடியவர்கள் இந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களே.

இதற்கு மேல் வருவதுதான் கனமான மறுப்பு: இழுவையை நிறுத்தினால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எதைத் தின்னும்? இதைத் தட்டிக்கழிப்பவர் அறம் பேசத் தகுதியற்றவர். இழுவைப்படகை மீனவர் தாமாகக் கண்டுபிடித்து வரவில்லை. 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டத்தின் வழியிலும், பின்னர் இறால் ஏற்றுமதியில் வந்த அந்நியச் செலாவணிக்காகவும் அரசே கடனும் மானியமும் கொடுத்து வளர்த்த தொழில் அது. இன்றும் விசைப்படகுகளுக்கு விற்பனை வரி விலக்கிய டீசல் கிடைக்கிறது. மடியில் சிக்கும் பொடிமீனான சங்காயம் காய்ந்து, அரைபட்டு, கோழித்தீவனத்திலும் சேர்கிறது. மீன் வாடையே ஆகாத ஸ்ரீரங்கத்து வீடும், முட்டையோடு நிறுத்திக்கொள்ளும் வீடும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. பொதுப்பணத்தில் வளர்ந்த தீங்கை நீக்கும் செலவைப் படகுக்காரர் தலையில் மட்டும் கட்டுவது, தீங்கைத் தொடர விடுவதற்குச் சற்றும் குறையாத அநீதி.

2017இல் தொடங்கிய அரசின் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் இந்த இடத்தில்தான் சறுக்கியது. மூன்றாண்டில் 2,000 இழுவைப்படகுகளுக்குப் பதில் ஆழ்கடல் படகுகளைக் கொடுப்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூட அது போகவில்லை. 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 விழுக்காடு மானியம் தாராளம்தான். ஆனால் மீதி 24 லட்சத்தைக் கடனும் கைக்காசுமாக உரிமையாளர் புரட்ட வேண்டியிருந்தது. காலையில் போய் மறுநாள் கரை சேர்ந்து பழகியவர் பல நாள் நடுக்கடலில் சூரைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. படகே இல்லாமல் பங்குக்கு மடி இழுக்கிற தொழிலாளியும், கரையில் சங்காயம் உலர்த்தும் பெண்ணும் அந்தத் திட்டத்தின் கண்ணில் படவே இல்லை. ஹாங்காங் 2012இன் கடைசி நாளில் இழுவையை நிறுத்தியபோது, படகுகளை விலைக்கு வாங்கியதோடு அவற்றில் வேலை செய்த தொழிலாளிகளுக்கும் தொகை கொடுத்தது. அதன் கருவூலம் வேறு, நம்முடையது வேறு என்பார்கள். இருக்கட்டும், டீசலுக்கு ஆண்டுதோறும் விட்டுக்கொடுக்கும் வரி எங்கிருந்தோ வருகிறதல்லவா? அந்தச் சலுகையைப் படிப்படியாகக் குறைத்து, குறைந்த தொகையை அப்படியே பங்குத் தொழிலாளியின் பெயருக்கு மாற்றுவதற்குப் புதிய கருவூலம் தேவையில்லை. மாற்றம் முடியும்வரை இறால் விலை ஏறினால், அந்த ஏற்றத்தைச் சுமக்க வேண்டியவர்கள் உள்நாட்டில் இருக்கும் நாம்தான்.